விளக்கு காட்டியவள்

மஃரிப் பாங்கு ஓய்ந்து கொஞ்ச நேரம் ஆகியிருக்கும். மேற்கே ஒரு கீற்றுச் சிவப்பு மட்டும் மிச்சம். பொன்னேரியிலிருந்து பழவேற்காடு வருகிற ரோட்டில், கடைசி வீடுகள் தாண்டியதும் இரண்டு பக்கமும் வெறும் சேறும் வேலிகாத்தான் முள்ளும்தானே... அந்த இடம். முன்னால் வண்டி இல்லை. பின்னால் வண்டி இல்லை. ஒரு ஸ்கூட்டர் மட்டும் தனியாக வந்துகொண்டிருந்தது.

ஓட்டி வந்தவள் சுராயா. நம் கலந்தருக்குச் சாச்சி, அதாவது அவன் அம்மாவின் தங்கை. கலந்தர் இதோ உட்கார்ந்திருக்கிறான். நான் ஏதாவது கூட்டிச் சொன்னால் அவனே மறுக்கட்டும். யாரும் செல்போன் லைட்டைப் போடாதீர்கள். கரண்ட் வருகிறபோது வரட்டும். படகோரமாக நெருங்கி உட்காருங்கள், ஏரிக் காற்று இன்றைக்கு ஒரு மாதிரியாக அடிக்கிறது.

ஒரு வளைவில் ஸ்கூட்டர் வெளிச்சம் ரோட்டு நடுவே விழுந்தது. அங்கே ஒரு பெண். தலைமுடி அவிழ்ந்து கிடக்கிறது. நெஞ்சோடு எதையோ துண்டில் சுற்றிப் பிடித்திருக்கிறாள். நகரவே இல்லை. சுராயா பிரேக்கை அழுத்தினாள். வண்டி நின்றதும் முதலில் வந்தது வாடைதான். ஈர வலையும் நண்டுச் சேறும் கலந்த வாடை.

அதற்குள் மூச்சைப் பிடித்துக்கொள்ளாதீர்கள். அது பேய் இல்லை. தேவகி. முகத்துவாரத்தை ஒட்டிய குப்பத்துக்காரி. அவள் புருஷன் எல்லப்பன் அந்த மாதம்தான் கடலில் போனவன். வலையடித்துத் திரும்பும்போது, ஏரியும் கடலும் சேர்கிற அந்த வாயில், அலை புரட்டிப் படகு கவிழ்ந்தது. கூட இருந்தவர்கள் நீந்திக் கரையேறிவிட்டார்கள். எல்லப்பன் வரவில்லை. அவன் உடம்பும் வரவில்லை. எங்காவது ஒதுங்கியதா என்று விசாரிக்கப் பொன்னேரிக்குப் போனவள், திரும்பப் பஸ் கிடைக்காமல் நடந்து வந்திருக்கிறாள். சுராயா அந்த நேரத்துக்கு வருவாள் என்று தெரிந்தே வழியில் நின்றிருக்கிறாள்.

துண்டைப் பிரித்துக் காட்டினாள். எல்லப்பனின் வாக்கி டாக்கி. படகுக்காரர்கள் கையில் வைத்துப் பேசுகிற அந்தப் பெட்டி. முந்தின நாள் காலையில் கரையில் ஒதுங்கியதாம்.

"அக்கா, இத்த மட்டும் பேச வச்சிக் குடு. அமாவாச கழிஞ்சதும் காரியம் பண்ணணும்னு ஊர்ல சொல்லிட்டாங்க. கோடித் துணிகூட எடுத்தாச்சு. ஆளக் காட்டுங்க, அப்பறம் தாலிய எறக்குறேன்னு சொல்லிட்டேன். கடல் அவர குடுக்கல, இத்தக் குடுத்துருக்குது. இதுல இன்னாவாச்சும் தெரியாமலா பூடும்?"

வாக்கி டாக்கி யார் பேச்சையும் சேர்த்து வைக்காது. சுராயாவுக்கு அது நன்றாகவே தெரியும். அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அந்த முகத்தைப் பார்த்து யாருக்குத்தான் வாய் வரும்? பார்க்கிறேன் என்றாள். தேவகியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு வந்து பாலத்தருகே இறக்கிவிட்டாள்.

இனி சுராயாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பொன்னேரியில் ஒரு கல்லூரியில் இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் வேலை. கல்யாணத்துக்குக் கழுத்தை நீட்டாமல் அக்கா பரக்கத் பீவி வீட்டு மாடியிலேயே இருந்துவிட்டவள். டச்சுக்காரன் கல்லறைக்குப் பின்தெருதான் வீடு. மாடி ஜன்னலுக்குக் கீழே ஏரிக்கரை. அந்தக் காலத்துக் கப்பல்காரர்களைப் புதைத்து, வாசல் தூணில் எலும்புக்கூடு செதுக்கிய அந்தக் கல்லறையைத் தாண்டித்தான் தினமும் போவாள். அதைப் பற்றிக் கேட்டால், உள்ளே இருக்கிறவர்களாவது கரைக்கு வந்து செத்தவர்கள் என்று சொல்லிச் சிரிப்பாள்.

மாடி அறை முழுக்க அவளுடைய பொழுதுபோக்குதான். பழைய ரேடியோ, டிரான்சிஸ்டர், அறுந்த ஒயர். சுவரோடு ஜன்னலில் தொடங்கிக் கதவு வரைக்கும் சின்னச் சின்னப் பிளாஸ்டிக் இழுப்பறைகள். ஜன்னலோரம் ரெசிஸ்டர், அடுத்து கெபாசிட்டர், அப்புறம் டயோடு, மேஜைக்குப் பக்கத்தில் விலை கூடினதெல்லாம். சென்னையில் ரிச்சி தெருக் கடைகளில் பொறுக்கி வாங்கியவை. ஒன்று இடம் மாறினால் அவளுக்குச் சோறு இறங்காது. கைக்கு வேலை இல்லையென்றால் பிரித்து வைத்ததையே கொட்டி மறுபடியும் பிரிப்பாள். சும்மா உட்காருகிற உடம்பே கிடையாது. அவளுக்கு எதிரி என்று ஒன்று இருந்ததென்றால் அது உப்புக் காற்று. இந்த ஊரில் செம்பும் பித்தளையும் படுகிற பாடு உங்களுக்குத் தெரியாததா? பார்த்துக்கொண்டிருக்கும்போதே பச்சை பூத்துவிடும்.

அன்று சோறுகூடத் தின்னாமல் மாடிக்குப் போனாள். மேஜை விளக்கைக் கீழே வளைத்து, பெட்டியின் ஸ்குரூவைக் கழற்றினாள். உள்ளேயிருந்து தண்ணீர் வழிந்தது. கொஞ்சம் மணல். பேட்டரி ஊதிப்போய்க் கிடந்தது. அதை எடுத்து வெளியே மணல் வாளியில் போட்டாள். பேட்டரி தொடுகிற தகடுகள் மேல் பச்சைக் களிம்பு கட்டியாக ஏறியிருந்தது.

நல்ல தண்ணீரில் அலசினாள். பல் தேய்க்கிற பிரஷ்ஷில் ஸ்பிரிட்டைத் தொட்டு மூலைமுடுக்கெல்லாம் தேய்த்தாள். உப்புத்தாள் போட்டால் மேல்பூச்சு போய்விடும் என்று பென்சில் அழிக்கிற ரப்பரால் தகடுகளைப் பொறுமையாக உரசினாள். களிம்பு மாவாக உதிர்ந்தது. அடியில் தகடு பளிச்சென்று வந்தது. அதை விளக்குச் சூட்டில் காய வைத்துவிட்டுக் கை துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

கிர்ர்ர்... டிக்.

திரும்பினாள்.

கிர்ர்ர்... "மொகத்துவாரம் தெரியல... கரையில யாரு? கரையில யாரு?"

பெட்டியில் பேட்டரி கிடையாது. மூடிகூடப் போடவில்லை. சுராயா என்ன செய்தாள் தெரியுமா? ஓடவில்லை. மீட்டரை எடுத்து, அதன் இரண்டு முனைகளையும் அந்தத் தகடுகளில் வைத்தாள். மீட்டர் பூஜ்யம் காட்டியது. குரல் வந்துகொண்டிருந்தது.

"கரையில யாரு? வெளக்கு காட்டு..."

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். இருட்டில் முகத்துவாரம் ஏறுகிற படகு விளக்குக் கேட்டால், கரையில் நிற்கிறவர்கள் யார் எவர் என்று கேட்பதில்லை. முதலில் விளக்கு. விசாரணையெல்லாம் அப்புறம். பகையாளி படகானாலும் அப்படித்தான். குப்பத்துக்காரர்கள் மட்டுமில்லை, ஊருக்குள் இருக்கிற நமக்கும் அது சின்ன வயதிலிருந்தே கையில் ஊறிப்போனது. அவளும் நம் ஊர்க்காரிதானே. யோசிக்கவே இல்லை. மேஜை விளக்கின் கழுத்தைப் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்பிவிட்டாள். ஏரிக்கு நேரே, முகத்துவாரத்துக்கு நேரே.

கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. பிறகு...

"தெரியுது... புடிச்சிக்கினேன். அணைச்சிராத."

அதற்குப் பிறகுதான் அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

அதிலிருந்து தினமும் மஃரிப் முடிந்து இருட்டு கட்டியதும் அந்தக் குரல். தூரத்தில், காற்றோடு போராடிக்கொண்டு. சில நாள் விளக்கு தெரிகிறது என்று சொல்லும். சில நாள் இருமும். சில நாள் வெறும் மூச்சு, துடுப்பு தண்ணீரில் விழுகிற சத்தம். அவள் விளக்கை அணைக்கவே இல்லை. பகலிலும் எரிந்தது. பரக்கத் பீவி கீழிருந்து கத்திக் கத்தி ஓய்ந்துபோனாள்.

தேவகி வந்து கேட்டாள். பேசிச்சா அக்கா என்று. இன்னும் காயவில்லை என்று சுராயா பொய் சொன்னாள். சொன்னால் தேவகி அந்த நிமிஷமே படகைத் தள்ளிக்கொண்டு போய்விடுவாள். அப்புறம் குப்பத்தில் இரண்டு காரியம் நடக்கும். உயிரோடு இருக்கிறவன் இப்படிப் பேச மாட்டான் என்பது சுராயாவுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் கரையேறிவிட்டால் தேவகி அவனை ஒரு தடவை பார்க்கலாம். தொட்டு அழலாம். அமாவாசைக்கு முன்னால் எல்லப்பனைக் கரை சேர்த்துவிட வேண்டும். அந்த ஒன்றைத் தவிர அவள் மனசில் வேறு எதுவும் ஓடவில்லை.

அப்போதுதான் உப்பு உள்ளே வர ஆரம்பித்தது.

முதலில் ஜன்னலோர வரிசை. ஒரு ரெசிஸ்டர் தேவைப்பட்டு இழுப்பறையைத் திறந்தால், அத்தனையின் கம்பிக் காலிலும் பச்சை. கூடவே ஈரம். எல்லாவற்றையும் கொட்டி, ஸ்பிரிட்டில் போட்டு, ஒவ்வொன்றாகத் துடைத்து அடுக்கினாள். மறுநாள் அந்த வரிசை மறுபடியும் பச்சை. அதற்கடுத்த வரிசையும் பச்சை. அவள் சும்மா இருப்பாளா? ஜன்னலோரச் சாமான்களைத் தூக்கிக் கதவோரம் வைத்தாள். கதவோரத்துச் சாமான்களை ஜன்னலோரம் வைத்தாள். விடிந்து பார்த்தால் இடம் மாறி வந்தவற்றில்தான் பச்சை. கதவோரம் போனவை சுத்தமாக இருந்தன. பழுது சாமான்களில் இல்லை. ஏதோ ஒன்று ஜன்னலிலிருந்து உள்ளே வந்துகொண்டிருந்தது... வரிசை வரிசையாக.

ஸ்பிரிட் பட்டுப் பட்டு விரல்கள் வெடித்துவிட்டன. ராத்திரி படுத்தாலும் கை தானாகப் பிரித்து அடுக்கியது. வேலைக்குப் போனால் மனசு மாடியிலேயே கிடந்தது. திரும்பி வரும்போது அந்த ரோட்டில் ஸ்கூட்டரை நிறுத்தி நிறுத்தி, கிழக்கே ஜன்னல் வெளிச்சம் இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தாள். அங்கிருந்து தெரியாது என்று தெரிந்தும்தான் பார்த்தாள்.

உப்பு ஒரு வரிசை உள்ளே வர வர, குரலும் கிட்டே வந்தது.

அமாவாசை அன்று சாயங்காலமே காற்று கிளம்பிவிட்டது. ஊர் முழுக்கக் கரண்ட் போயிற்று. அவள் அதற்கும் ஏற்பாடு செய்துதான் வைத்திருந்தாள். ஸ்கூட்டரின் பழைய பேட்டரி ஒன்றை விளக்கோடு இணைத்திருந்தாள். ஊரே இருட்டில் கிடக்க, அந்த ஜன்னல் மட்டும் எரிந்தது. பெட்டியில் குரல் இப்போது மூச்சுவிடாமல் பேசியது. அலை பெரிதாக இருக்கிறது, மணல்மேடு தட்டுகிறது, விளக்கைப் பார்த்துக்கொண்டே வருகிறேன் என்று.

விளக்கு ஒரு தரம் கண் சிமிட்டியது. இன்னொரு தரம்...

போய்விட்டது.

"வெளக்கு போச்சு... அக்கா, வெளக்கு போச்சு... ஒண்ணும் தெரியல..."

இருட்டில் தடவிப் பேட்டரிமேல் கை வைத்தாள். ஒயர் மாட்டியிருந்த முனைகள் இரண்டிலும் களிம்பு. காலையில் துடைத்து வைத்தவை. இப்போது ஈரமாக, கெட்டியாக, அப்பம்போல் பொங்கி ஏறியிருந்தது. ஸ்கூட்டர் சாவியால் சுரண்டினாள். நகத்தால் பிறாண்டினாள். ஸ்பிரிட் பாட்டிலைக் கவிழ்த்துத் துப்பட்டாவால் தேய்த்தாள். வெடித்த விரல்கள் எரிந்தன. பெட்டிக்குள் அவன் இப்போது பேசவில்லை. தண்ணீர் விழுங்குகிற சத்தம் மட்டும் வந்தது. இந்தத் தரமும் அவன் அங்கேயே போய்விடுவானோ? ரப்பர் எங்கே விழுந்தது என்று தெரியவில்லை. உள்ளங்கையால் அழுத்தி அழுத்தித் துடைத்து, ஒயரைப் பல்லால் கடித்து இழுத்து முறுக்கி மாட்டினாள்.

விளக்கு எரிந்தது.

"தோ... வந்துட்டேன்."

கீழே, ஏரிக்கரையில்... சர்ர்ர்ர். படகின் அடிப்பகுதி மணலில் உரசி ஏறுகிற சத்தம். அவள் ஜன்னலில் எட்டிப் பார்த்தாள். படகு இல்லை. சேற்று வாடை மட்டும் மேலே வந்தது.

பெட்டி அடங்கிவிட்டது. அவள் கையை நீட்டி விளக்கை அணைத்தாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு அந்த இரவுதான் அடித்துப் போட்டதுபோல் தூங்கினாள்.

விடியற்காலையில் நண்டுக்குப் போனவர்கள் பார்த்துச் சத்தம் போட்டார்கள். எல்லப்பன் அந்த ஜன்னலுக்கு நேர் கீழே, ஏரிக்கரையில் கிடந்தான். தலை வீட்டுப் பக்கம். முகத்துவாரம் எங்கே, இந்த இடம் எங்கே? அதுவும் தண்ணீர் கடல் பக்கம் இறங்கிக்கொண்டிருந்த நேரம். ஏரியில் பழகினவர்களே தலையைச் சொறிந்தார்கள்.

தேவகி வந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து அவன் முகத்து மணலைத் துடைத்தாள். ரொம்ப நேரம் அழுதாள். பிறகு யாரும் சொல்லாமல் தானே தாலியைக் கழற்றினாள். தூக்கிக்கொண்டு போவதற்கு முன்னால், அண்ணாந்து ஜன்னலைப் பார்த்தவள், விறுவிறுவென்று மாடி ஏறி வந்தாள்.

"நீதான் வெளக்கு காட்டினியா, அக்கா?"

சுராயா தலையாட்டினாள். தேவகி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். வெடித்த விரல்களைத் தடவிக் கொடுத்தாள். அப்போதுதான் அணைந்திருந்த விளக்கு அவள் கண்ணில் பட்டது. கை அப்படியே நின்றது.

"அணைக்கறதுக்கு முன்ன கேட்டியா?"

"இன்னாத்த?"

"பின்னால யாராச்சும் உண்டானு. ஏறி வர்றவன் நான்தான் கடைசினு சொல்லணும் அக்கா. அப்பறந்தான் அணைப்போம். நீ பாட்டுக்கு அணைச்சிட்டா, வெளக்க நம்பி வர்றவன் மணல்ல மோதிப் பூடுவானே."

சுராயாவுக்கு அது தெரியாது. ஊருக்குள் இருக்கிற நமக்கு யாருக்குமே தெரியாது. விளக்கு காட்டுவதைப் பார்த்திருக்கிறோம். அணைக்கும்போது குப்பத்துக்காரர்கள் கேட்கிற கேள்வியை யார் நின்று கேட்டோம்? அவள் சமாளிக்கப் பார்த்தாள். போனது எல்லப்பன் ஒருத்தர்தானே, வேறே யார் இருக்கப் போகிறார்கள் என்றாள்.

தேவகி ஜன்னல் வழியாக முகத்துவாரத்தைப் பார்த்தாள்.

"அங்கியா? ஒருத்தர்தானா?" என்று மட்டும் கேட்டாள். இறங்கிப் போய்விட்டாள்.

சுராயா அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. அறை முழுக்கச் சுத்தம் செய்தாள். அத்தனை இழுப்பறைகளையும் கொட்டி, ஒவ்வொரு காலாகத் துடைத்து, உலர்த்தி, அதது இடத்தில் அடுக்கினாள். வாக்கி டாக்கியைப் பிரித்துப் போட்டாள். ஸ்பீக்கர் ஒரு இழுப்பறையில். தகடுகள் ஒன்றில். பலகை இன்னொன்றில். இனிமேல் அது பெட்டியே இல்லை. சும்மா சாமான்.

மஃரிப் பாங்கு முடிந்தது. இருட்டு கட்டியது. அவள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். விளக்குப் போடவில்லை. எழுந்தாள், நடந்தாள், மறுபடி உட்கார்ந்தாள். கடைசியில், யாராவது பார்த்தால் சிரிப்பார்களே என்ற வெட்கத்தோடு, ஜன்னலைப் பார்த்து மெதுவாகக் கேட்டாள்.

"பின்னால யாராச்சும் உண்டா?"

சத்தமே இல்லை.

அப்பாடா என்று மூச்சு விட்டு, பழக்கத்தில் பக்கத்து இழுப்பறையை இழுத்தாள். விரலில் ஈரம் பட்டது. அடுத்ததை இழுத்தாள். அதிலும் ஈரம். ஜன்னலோரம், நடுச்சுவர், கதவோரம்... எல்லாம். மத்தியானம் பளபளவென்று அடுக்கியதெல்லாம் பச்சை. இந்தத் தடவை வரிசை வரிசையாக வரவில்லை. மொத்தமாக வந்திருந்தது.

கிர்ர்ர்... டிக்.

ஸ்பீக்கர் கிடந்த இழுப்பறைக்குள்ளிருந்து ஒரு குரல். எல்லப்பன் இல்லை. கனமான ஆண் குரல். தமிழ் இல்லை, தெலுங்கு இல்லை, உருதும் இல்லை. ஏதோ கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தது. அதற்குப் பின்னால் இன்னொரு குரல், அதே கேள்வி. அதற்கும் பின்னால் இன்னொன்று. இப்படியே தூரம் போய்க்கொண்டே இருந்தது... காற்று எங்கே, குரல் எங்கே என்று பிரிக்க முடியாத தூரம் வரைக்கும். வார்த்தை ஒன்றுகூட அவளுக்குப் புரியவில்லை. ஆனால் என்ன கேட்கிறார்கள் என்று புரிந்தது.

அவள் விளக்கைப் போட்டு ஜன்னல் பக்கம் திருப்பினாள். வேறு என்ன செய்வாள், சொல்லுங்கள்?

அடுத்த அமாவாசை கழிந்த காலையில் அதே இடத்தில் ஒரு ஆள் கிடந்தான். செம்பட்டைத் தாடி. சுண்ணாம்புக்குளம் வரைக்கும் குப்பம் குப்பமாக விசாரித்தார்கள். எந்த ஊரிலும் ஆள் குறையவில்லை. கலந்தரும் போய்ப் பார்த்தான். அந்த ஆள் போட்டிருந்த கெட்டிச் சட்டை தொட்டால் பொடிந்ததாம். பித்தான்கள் பித்தளை. உப்புத் தண்ணீரில் கிடந்த பித்தளையில் ஒரு பொட்டுப் பச்சை இல்லையாம். யாரோ ரப்பர் போட்டுத் தேய்த்து வைத்ததுபோல் மின்னிற்றாம்.

அதோ, கரண்ட் போய் ஊர் முழுக்க இருட்டு. கல்லறைக்குப் பின்னால் அந்த மாடி ஜன்னலை மட்டும் பாருங்கள். எரிகிறதா?

இவ்வளவு நேரம் குறுக்கே பேசாமல் இருந்த கலந்தர், அந்தப் பக்கம் பார்க்காமலே சொன்னான்.

"சாச்சி தெனமும் கேட்டுக்கினுதான் கீறாங்க. இதுவரைக்கும் ஒருத்தரும் கடைசினு சொல்லல."